மாடியில் விட்டுவந்த மாமனார்

எங்கள் ஊர் முதியோர் உதவி அலுவலகம் இரண்டாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலிக்காரர்கள் வரும் இடத்தை ஏன் அங்கே வைத்தார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மாமனாருக்குச் சக்கர நாற்காலி கேட்டுப் போன செங்கமலத்திடம், “ஆளை நேர்ல பார்க்காம தரமாட்டேன்” என்றார் அதிகாரி தனக்கோடி.

மறுநாள் காய்கறி மண்டியில் மூட்டை தூக்கும் இருவரைக் கூட்டிவந்து, மாமனாரை மேலே தூக்கிக்கொண்டு போனாள். அறையில் காலியாக இருந்தது அதிகாரியின் நாற்காலி ஒன்றுதான். அதில் உட்காரவைத்தாள்.

டீ குடித்துவிட்டு வந்த தனக்கோடி திகைத்தார். “மாடியேறி வந்திருக்காரே! அப்புறம் எதுக்கும்மா சக்கர நாற்காலி?”

“தூக்கிட்டு வந்தோம் சார்.”

“அதை நான் பார்க்கலையே. மேல வந்துட்டார்னா நடக்கறார்னுதானே அர்த்தம்?”

“நீங்க சொன்னா சரிதான் சார். மாமா, நீங்க நடந்தே வந்துருங்க. நான் போய் உலை வைக்கிறேன்.” ஆட்களோடு இறங்கிப் போய்விட்டாள்.

தனக்கோடி வாசலைப் பார்த்தார். தன் நாற்காலியைப் பார்த்தார்.

“தம்பி, ஒண்ணுக்கு வருது” என்றார் கிழவர். “கொஞ்சம் தூக்கி விடுறியா?”

“ஐயோ, என் நாற்காலி! யாருய்யா அங்கே? ஸ்டோர் ரூம்ல இருக்கிற சக்கர நாற்காலி ஒண்ணை எடுத்துட்டு ஓடி வா!”

உலை வைக்கப் போன செங்கமலம், படிக்கட்டின் முதல் திருப்பத்திலேயே உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.