முந்நூற்று நாற்பது பீர்கள்

குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சீடனுக்கு நாற்பத்தொன்பது. சீடனின் மனைவியைத் தவிர வேறு யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

குருவின் பெயர் பெர்னதெத். புதுச்சேரிக்கு வெளியே ஒரு பழைய முந்திரிக் கிடங்கை வாடகைக்குப் பிடித்து, அதில் சின்ன அளவில், விதவிதமான ருசியில் கிராஃப்ட் பீர் காய்ச்சுகிற பெண்மணி. அதிகம் பேச மாட்டார். அந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு வருஷம் முன்னால் அவரிடம் போய் நின்றார் கலியபெருமாள்.

"ஒரு வருஷம் நல்லாக் குடிச்சிட்டு வாங்க சார். அப்புறம் பார்க்கலாம்" என்றார் பெர்னதெத்.

வேறு யாருக்காவது இப்படி ஓர் உத்தரவு கிடைத்திருந்தால் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைத்திருப்பான். கலியபெருமாள் கடைக்குப் போய் நோட்டு வாங்கினார்.

என்ன செய்வது, பதினெட்டு வருஷம் டயர் கம்பெனியில் தரம் பார்த்த ஆள். ஒன்றை எடு, தட்டிப் பார், முத்திரை குத்து, அடுத்ததை எடு. அப்படியே கை பழகிவிட்டது. நோட்டில் கோடு போட்டுக் கட்டம் கட்டினார். நிறம், நுரை, மணம், கசப்பு, இனிப்பு, கடைசியில் பத்துக்கு எத்தனை மதிப்பெண். ஒவ்வொரு பீரிலும் மூன்று மடக்குதான். அதற்கு மேல் போனால் நாக்கு மழுங்கிவிடும், அடுத்த பீருக்கு அநியாயம் செய்ததாகிவிடும் என்று தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். மிச்சத்தை வாஷ்பேசினில் கொட்டிவிடுவார்.

வாராவாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெங்களூர் பஸ்; இந்த மாதிரி பீர் அங்கேதான் அதிகம். திங்கட்கிழமை காலையில் கண் சிவந்து வந்து இறங்குவார்.

"குடிக்கப் போற ஆள் மாதிரியா இருக்கீங்க? அரியர் எழுதப் போற பையன் மாதிரி இருக்கீங்க" என்றாள் மனைவி.

முதல் இரண்டு மாதம் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு பீரில் ஆரஞ்சுத் தோல் வாசனை வந்ததென்று வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னார். பிறகு அதெல்லாம் நின்றுபோனது. தீபாவளிக்குப் பிறகு குடித்ததற்கெல்லாம் ஏழு மதிப்பெண்தான். மாம்பழம் போட்டதும் ஏழு, காப்பிக்கொட்டை போட்டதும் ஏழு. கிளாஸைக் கொண்டுவந்து வைத்தாலே அவருக்கு அலுப்பாக இருந்தது. விட்டுத்தொலைக்கவும் வழியில்லை. இதை நம்பி, பார்த்த வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்.

வருஷம் முடிந்த மறுநாள் காலை, நான்கு நோட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு கிடங்குக்குப் போனார்.

அன்று காய்ச்சும் நாள். பெர்னதெத் பெரிய அண்டாவிலிருந்து பார்லிச் சக்கையை மண்வெட்டியால் வாரிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். அதை வாங்கிப்போக வந்த மாட்டுக்காரர் வாசலில் வண்டியை நிறுத்தியிருந்தார்.

"ஒரு வருஷம் ஆச்சுங்க மேடம்."

"ஆச்சா?"

"முன்னூத்தி நாப்பது."

"என்ன முன்னூத்தி நாப்பது?"

"பீருங்க. எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கேன்."

பெர்னதெத் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு நோட்டை வாங்கினார். பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"கையெழுத்து நல்லா இருக்கு."

கலியபெருமாள் காத்திருந்தார்.

"எது புடிச்சிருந்துச்சு?"

அவர் முதல் நோட்டை எடுத்து அவசரமாகத் தேடினார். "இதுங்க. ஒன்பது வாங்கியிருக்கு."

"அது நோட்டு சொல்லுது. உங்களுக்கு எது புடிச்சிருந்துச்சு?"

கலியபெருமாள் யோசித்தார். முந்நூற்று நாற்பதில் ஒன்றின் ருசியாவது நாக்கில் வரும் என்று பார்த்தார். ஒன்றும் வரவில்லை. அவர் நோட்டை மூடினார்.

"தெரியலைங்க மேடம். ரொம்பக் களைச்சுப் போயிட்டேன். நாக்கே செத்துப்போச்சுன்னு நினைக்கிறேன். இந்த நாக்கை வச்சுக்கிட்டு உங்ககிட்டத் தொழில் கத்துக்க முடியுமா? அதை மட்டும் சொல்லிடுங்க. முடியாதுன்னா இப்பவே போயிடறேன்."

பெர்னதெத் கையிலிருந்த நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். குளிரூட்டிய டேங்க் ஒன்றிலிருந்து கறுத்த பீர் ஒரு கிளாஸ் பிடித்துவந்து நீட்டினார். கேழ்வரகு சேர்த்துக் காய்ச்சியது.

"குடிங்க."

கலியபெருமாள் முகர்ந்தார். மூன்று மடக்குக் குடித்தார். கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவைத் திறந்து ஏழு என்று எழுதினார்.

பெர்னதெத் அதைப் பார்த்தார். கிளாஸை எடுக்கவில்லை. மறுபடியும் மண்வெட்டியைப் பிடித்துச் சக்கை வாரப் போய்விட்டார்.

போகவா இருக்கவா என்று கலியபெருமாளுக்குத் தெரியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கூடை கூடையாகச் சக்கை வண்டிக்குப் போயிற்று. மாட்டுக்காரர் கிளம்பினார். பெர்னதெத் ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழுவிக் கொடியில் மாட்டினார். கிளாஸில் நுரை அடங்கி, வெளியே வேர்த்திருந்த ஈரமும் காய்ந்துவிட்டது. கலியபெருமாள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். ஒரு வருஷத்துத் தூக்கம் பாக்கியிருந்தது.

கண் விழித்தபோது பெர்னதெத் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"குடிங்க."

"கூலிங் போயிருக்குமே மேடம்."

"போகட்டும்."

கலியபெருமாள் மனசில்லாமல் ஒரு மடக்குக் குடித்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மெல்ல ஏதோ வந்தது. களி கிண்டிய பானையின் அடியில் பிடித்திருக்கும் பொருக்கைச் சுரண்டித் தின்றால் வருமே, அந்தக் கருகல் ருசி. அதற்குப் பின்னால் லேசாக ஒரு புளிப்பு. விழுங்கி வெகுநேரம் கழித்துத் தொண்டையில் கசப்பு வந்து உட்கார்ந்தது. அவர் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"மாத்தி வச்சிட்டீங்களா?"

"இல்லை. அதே கிளாஸ்தான்."

"முதல்ல குடிச்சப்ப இது எதுவும் இல்லைங்களே!"

"இருந்துச்சு. ஜில்லுனு இருக்கறப்ப தெரியாது."

கலியபெருமாள் இன்னொரு மடக்குக் குடித்தார்.

"அந்த முன்னூத்தி நாப்பதுல எத்தனையை இப்படிக் கூலிங் போற வரைக்கும் வச்சிருந்து குடிச்சீங்க?" என்று கேட்டார் பெர்னதெத்.

இதற்கு நோட்டைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"ஒண்ணுகூட இல்லைங்க. கொட்டிட்டேன்."

சொன்னதும் அவருக்கு ஏறி இறங்கிய பஸ்களும் விட்டுவந்த வேலையும் நினைவுக்கு வந்தன. எல்லாம் வீணாகிவிட்டதே என்று மனசு வெறுத்துப்போனது. பெரிய மனுஷன் அழக் கூடாது என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணுங்களா மேடம்? இன்னொரு வருஷம் என்னால முடியாதுங்க. சத்தியமா முடியாது."

கிளாஸில் இன்னும் பாதி இருந்தது. பெர்னதெத் அதை அவர் பக்கம் நகர்த்தினார்.

"முன்னூத்தி நாப்பது தடவை ஆரம்பிச்சாச்சு சார், போதும். இதை மெதுவாக் குடிச்சு முடிங்க. அப்புறம் அந்த அண்டாவை ரெண்டு பேருமாக் கழுவலாம்."