ஒரு சொட்டு பெட்ரோல் தொடாத வண்டி

நொச்சிக்காட்டுப்புதூரில் அறிவுக்கு எந்தக் காலத்திலும் பஞ்சம் வந்ததில்லை. யாரும் எடுத்துச் செலவு செய்யாததால் அது அப்படியே இருந்தது. ஊரிலேயே அதிகமாகச் சேர்த்து வைத்திருந்தவர்கள் நாச்சிமுத்து, வெள்ளியங்கிரி, மயில்சாமி என்ற மூன்று அண்ணன் தம்பிகள். இளையவரான மயில்சாமி எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அதனால் வீட்டில் எந்தக் காரியம் கெட்டுப்போனாலும் அதற்குக் காரணம் சொல்ல ஓர் ஆள் இருந்தது.

அந்த மயில்சாமிக்கு இப்போது ஒரே ஒரு கவலை. தங்கை துளசிமணியின் மூன்றாவது குழந்தைக்கு அவள் ஊர்க் கோயிலில் காதுகுத்து. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். இந்த முறை மயில்சாமியின் மடி.

முதல் குழந்தைக்கு நாச்சிமுத்துவின் மடி. அவர் பஸ்ஸில் போனார். "கூட்டம் எறங்கற எடத்துல எறங்கிக்கங்க" என்றார் கண்டக்டர். அன்று தைப்பூசம். கூட்டம் பழனியில் இறங்கியது. இரண்டாவது குழந்தைக்கு வெள்ளியங்கிரியின் மடி. "பாலத்தைத் தாண்டி நேரா வாங்கண்ணா" என்று துளசிமணி சொல்லியிருந்தாள். பாலத்துக்கு அப்பால் ரோடு வளைந்தது, வெள்ளியங்கிரி வளையவில்லை. சாயங்காலம் மஞ்சள் காட்டுக்குள் மொபெட்டோடு கண்டுபிடித்தார்கள். இரண்டு முறையும் குழந்தை உட்கார்ந்தது துளசிமணி புருஷனின் பெரியப்பா மகன் மடியில். அந்தப் பக்கத்தில் அவர் மடிக்கு நல்ல பெயர் வந்துவிட்டது.

மூன்றாம் முறை துளசிமணி போனில் கறாராகச் சொன்னாள். "குடும்பத்தோட உக்காந்து வர்ற மாதிரி ஒரு பெரிய காரை வாங்குங்கண்ணா. முகூர்த்தம் பத்தரை வரைக்குந்தான். அதுக்குள்ள வரலீன்னா நான் பொறுப்பில்ல. அந்த மடி தயாரா இருக்குது."

மயில்சாமி அன்று முழுக்கத் தன் மடியைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

மறுநாள் மூவரும் டவுனில் கார் ஷோரூமுக்குப் போனார்கள். டை கட்டிய ஒரு தம்பி ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி ஒன்றைக் காட்டினார்.

"இதுல ரெண்டு வகை இருக்குதுங்க. ஒண்ணு வெறும் பெட்ரோல். இன்னொண்ணு ஹைபிரிட். வீட்டு ப்ளக்குல சார்ஜ் போட்டுக்கலாம், பெட்ரோலும் ஊத்திக்கலாம். உள்ள பெட்ரோல் எஞ்சினும் இருக்கும், கரண்டு மோட்டாரும் இருக்கும்."

"ஒரே வண்டிக்குள்ள ரெண்டா?" என்றார் நாச்சிமுத்து. "சண்டை வராதுங்களா?"

"அண்ணன் தம்பி மாதிரிங்க. ஒண்ணு ஓஞ்சா இன்னொண்ணு பாத்துக்கும்."

"எங்க வீட்ல ஒருத்தர் ஓஞ்சா மூணு பேரும் ஓஞ்சிருவோம்" என்றார் வெள்ளியங்கிரி, கவலையோடு.

தம்பி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "மொதல்ல அறுபது கிலோமீட்டர் கரண்டுல ஓடுமுங்க. அதுக்கப்புறம் பெட்ரோல். கரண்டுல ஓடறப்ப சத்தமே இருக்காது. வீட்ல நல்ல ப்ளக் பாயிண்ட் இருக்குதுங்களா?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "பாத்துட்டு வந்தர்றோம்" என்று பஸ் ஏறிவிட்டார்கள். மறுநாள் திரும்பி வந்தபோது நாச்சிமுத்து ஒரு துண்டை மேசைமேல் பிரித்தார். உள்ளே சமையலறைச் சுவரிலிருந்து பெயர்த்தெடுத்த ஸ்விட்ச் போர்டு, கொஞ்சம் சுண்ணாம்போடு இருந்தது.

"இது நல்ல ப்ளக்குங்களா தம்பி?"

தம்பி அதைத் திருப்பிப் பார்த்து, நல்ல ப்ளக்குதான் என்றார். அந்த வயதில் அவ்வளவு பொறுமை அபூர்வம்.

ஆனால் எந்த வண்டி என்பது முடிவாகவில்லை. நாச்சிமுத்துவுக்கு பெட்ரோல். "கண்ணுக்குத் தெரியுது, மோந்தா வாசம் வருது. கரண்டை எவன் பாத்தான்?" வெள்ளியங்கிரிக்கு ஹைபிரிட். "கண்ணுக்குத் தெரியாததுதான் ஒசத்தி. சாமி தெரியுதா?" மயில்சாமிக்கு எந்த வண்டியானாலும் சரி, பத்தரைக்குள் போனால் போதும். அவர்தான் அம்மனிடம் பூ கேட்கலாம் என்றார். அந்தப் பக்கத்து வழக்கம் அது. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் அம்மன் காலடியில் வைத்து, பூசாரி ஒன்றை எடுத்துத் தருவார். வெள்ளை வந்தால் பெட்ரோல், சிவப்பு வந்தால் ஹைபிரிட்.

பொட்டலம் மடித்தவர் நாச்சிமுத்து. மூத்தவர் பாரபட்சம் பார்க்கக்கூடாது என்று இரண்டு பொட்டலத்திலும் இரண்டு பூவையும் வைத்திருந்தார். பூசாரி எடுத்த பொட்டலத்தைப் பிரித்ததும் நந்தியாவட்டையும் செவ்வரளியும் சேர்ந்து விழுந்தன.

"ரெண்டும் வந்திருக்குது" என்றார் மயில்சாமி, கன்னத்தில் போட்டுக்கொண்டு. "ரெண்டும் உள்ள வண்டியை வாங்கச் சொல்றா ஆத்தா."

காதுகுத்துக்கு முந்தின நாள் டை கட்டிய தம்பியே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். கோயில் எவ்வளவு தூரம் என்று கேட்டார். ஐம்பத்தெட்டு கிலோமீட்டர் என்றார்கள்.

"அப்ப கவலையே இல்லீங்க. ப்ளக்குல போட்டு வையுங்க. கோயில் வரைக்கும் கரண்டுலயே போயிரலாம். ஒரு சொட்டு பெட்ரோல் செலவாகாது."

விடிந்ததும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நாச்சிமுத்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். டிராக்டர் ஓட்டியவர் அவர் ஒருவர்தான். பெண்டு பிள்ளைகள் பின்னால் ஏறினார்கள். வெள்ளியங்கிரி ஒயரைப் பிடுங்கப் போனார்.

"அண்ணா, கையை எடுங்க" என்றார் மயில்சாமி. "சட்னி அரைக்கறப்ப மிக்சி ஒயரைப் புடுங்கினா என்ன ஆவும்?"

"நின்னு போவும்."

"தேங்காய்?"

"பாதி அரைஞ்சிருக்கும்."

"நாம பாதி வழில நிக்கோணுமா?"

வெள்ளியங்கிரி மெல்லக் கேட்டார். "நேத்து அந்தத் தம்பி ஒயரில்லாமத்தானே ஓட்டிட்டு வந்தாரு?"

"அவரு டை கட்டியிருந்தாருங்கண்ணா."

"அப்ப நாம பெட்ரோல்லயே போயிரலாம்" என்றார் நாச்சிமுத்து, பழைய ஆசையில்.

"மொதல்ல அறுபது கிலோமீட்டர் கரண்டு, அப்புறந்தான் பெட்ரோல்னு சொல்லியிருக்குது. கோயில் அம்பத்தெட்டு. பெட்ரோல்ல போவோணும்னா கோயிலைத் தாண்டி இன்னும் ரெண்டு கிலோமீட்டர் போவோணும்."

எட்டாம் வகுப்பு என்றால் சும்மா இல்லை.

கிணற்று மோட்டாரின் ஒயரை அவிழ்த்து வந்து முடிச்சுப் போட்டு நீட்டினார்கள். நூறு அடி வந்தது. நாச்சிமுத்து வண்டியைக் கிளப்பினார். ஒயர் மாட்டியிருந்ததால் வண்டி அசையவில்லை. முன்னால் இருந்த திரையில் மட்டும் சிவப்பாக இங்கிலீஷ் எழுத்து ஓடியது. மயில்சாமி எட்டிப் பார்த்தார். "வாழ்த்துச் சொல்லுதுங்கண்ணா. புது வண்டி, கொஞ்சம் கூச்சப்படும். நியூட்ரல்ல போடுங்க, கை குடுத்தாப் போதும்."

மயில்சாமியும் வெள்ளியங்கிரியும் பின்னால் நின்று கை கொடுத்தார்கள். வண்டி நகர்ந்தது.

"கேட்டீங்களா?" என்றார் மயில்சாமி, மூச்சு வாங்க. "சத்தமே இல்ல. தம்பி சொன்னது நெசந்தான்."

நூறு அடியில் ஒயர் தீர்ந்தது. அங்கே முத்தாயக்கா வீடு இருந்தது. மயில்சாமி கதவைத் தட்டினார்.

"அக்கா, கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கலாமுங்களா?"

"போனா தம்பி? டிவிகிட்ட போடு."

"கார்ங்கக்கா."

முத்தாயக்கா ஏழு பேர் உட்காரும் காரைப் பார்த்தாள். டிவியைப் பார்த்தாள். நாடகம் போய்விடும் என்பதுதான் அவளுக்குக் கவலை. கடைசியில் கிரைண்டர் ப்ளக்கைக் கொடுத்தாள். ஒரு முனையைப் பிடுங்க வெள்ளியங்கிரி திரும்பி ஓட, மறு முனையைச் சொருக மயில்சாமி உள்ளே ஓட, அடுத்த நூறு அடிக்கு வண்டி தயாரானது. இப்படியே ஒவ்வொரு வீடாகப் போனார்கள். ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் கரண்டு பில்லைப் பற்றிப் பேச்செடுத்ததால் அந்த வீட்டைத் தாண்டும்வரை கூடுதலாகக் கை கொடுக்க வேண்டியிருந்தது.

ஒன்பது மணிக்கு துளசிமணி போன் செய்தாள். "எங்கண்ணா வந்துட்டீங்க?"

"முத்தாயக்கா வீட்டையெல்லாம் தாண்டியாச்சு அம்மிணி" என்றார் மயில்சாமி.

"அது நம்ம வீட்டுக்கு அடுத்த வீடுண்ணா."

"அதான் சொல்றேன். அதுக்கப்புறம் எட்டு வீடு தாண்டியாச்சு. சும்மா பறக்குது. ஒரு சொட்டு பெட்ரோல் தொடலயே."

துளசிமணி ஏன் என்று கேட்கவில்லை. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள் அவள். மயில்சாமிக்கு போனுக்குள் பெரியப்பா மகனின் இருமல் கேட்டது. அவர் மடியைத் தட்டித் துடைப்பது போலவும் கேட்டது. பத்தரைக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம். கோயிலுக்கு இன்னும் ஐம்பத்தேழு கிலோமீட்டரும் சொச்சமும். முதன்முறையாக மயில்சாமிக்குக் கணக்கில் ஏதோ இடித்தது. எது என்று தெரியாமல் இன்னும் பலமாகத் தள்ளினார். கண் கலங்கியதை வேர்வை என்று நினைத்துக்கொண்டார்.

பத்து இருபதுக்கு ஒரு பழைய பெட்ரோல் ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு எதிரே வந்து நின்றது. கையில் மொட்டையடித்த குழந்தையோடு துளசிமணி இறங்கினாள். பின்னால் காது குத்தும் ஆசாரி இறங்கினார். ஜீப்பை ஓட்டி வந்தது அந்தப் பெரியப்பா மகன்தான். அவர் நல்ல மனுசன். தன் மடிக்கும் ஓய்வு வேண்டும் என்று நினைத்திருக்கலாம்.

"கார்ல ஏறி உக்காருங்கண்ணா" என்றாள் துளசிமணி. "மடியைக் காட்டுங்க. நான் சொல்ற வரைக்கும் அசையக்கூடாது."

மயில்சாமி உட்கார்ந்தார். குழந்தை மடியில் வந்து விழுந்தது. அது வெதுவெதுப்பாக, நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. ஆசாரி இரண்டு காதிலும் குத்தி முடித்தபோது மணி பத்து இருபத்தெட்டு. குழந்தை வீறிட்டது. மயில்சாமி அதைவிடச் சத்தமாக அழுதார், ஆனால் அசையவில்லை.

துளசிமணிக்குக் கோயிலில் பந்தி காத்திருந்தது. "முகூர்த்தம்தான் முடிஞ்சிருச்சே. நீங்க மெதுவா வந்து ஆத்தாளைக் கும்பிட்டுட்டுப் போங்கண்ணா" என்று வாய் வார்த்தைக்குச் சொல்லிவிட்டு ஜீப் ஏறிப் போய்விட்டாள்.

அவர்கள் மெதுவாகப் போனார்கள். மயில்சாமி மட்டும் காரை விட்டு இறங்கவில்லை. மறுநாள் மத்தியானம் அவள் போனில் "எந்திரிங்கண்ணா, பாவம்" என்று சொல்லும்வரை அதே மடியோடு அசையாமல் இருந்தார். அதுவரை நாச்சிமுத்துவும் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று.

மூன்றாம் நாள் ஊரின் கடைசி வீட்டையும் தாண்டினார்கள். அதற்கு அப்பால் மூன்று கிலோமீட்டருக்கு வெறும் சோளக்காடு. ஒரு வீடு இல்லை, ஒரு ப்ளக் இல்லை. வண்டியின் நிழலில் உட்கார்ந்து ஒரு பொழுது யோசித்தார்கள்.

"வீடு இல்லீன்னா என்ன?" என்றார் மயில்சாமி. "கட்டிக்கலாம்."

ஒரு மாதம் கழித்து, முதல் இலவச சர்வீஸுக்காக டை கட்டிய தம்பி தேடிக்கொண்டு வந்தார். சோளக்காட்டின் ஓரத்தில் நூறு அடிக்கு ஒன்றாக இரண்டு சின்ன வீடுகள் எழும்பியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரே அறை, ஒரே கதவு, ஒரே ப்ளக். மூன்றாவதுக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் வண்டி பளபளவென்று நின்றது.

தம்பி மீட்டரைப் பார்த்தார். ஒயரைப் பார்த்தார். மறுபடி மீட்டரைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏனுங்க, இந்த ஒயரைக் கழட்டிட்டே ஓட்டலாமுங்களே?"

மயில்சாமி கடப்பாரையைக் கீழே வைத்தார். சிறுபிள்ளையின் மனம் நோகக்கூடாதே என்று தணிந்த குரலில் சொன்னார்.

"அது பெட்ரோல் வண்டிங்க தம்பி. நாங்க வாங்குனது மத்தது."