பிரித்துப் பார்க்காத வேட்டி

ஆவுடையப்பன் மடத்துக்கு வந்து ஏழு வருஷமாகிவிட்டது. தலையை மழித்தாயிற்று, காவி கட்டியாயிற்று. அவருடைய டிரங்குப் பெட்டி மட்டும் இன்னும் துறவு கொள்ளவில்லை. அதற்குப் பூட்டு உண்டு. சாவி அரைஞாண் கயிற்றில் தொங்கும்.

மடத்தை நடத்தியவர், அவருக்குக் குரு, குழல்வாய்மொழி அம்மை. ஆவுடையப்பனைவிட இருபது வயது இளையவர். குருவை ஆவுடையப்பன் "அம்மா" என்பார். குரு அவரை "அண்ணாச்சி" என்பார். வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

ஐப்பசி அடைமழை. ஆற்றில் செந்தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மடத்துப் போனை வைத்துவிட்டு அம்மை வெளியே வந்தார்.

"அண்ணாச்சி, உங்க மக கோமதி பேசினா. ஆம்பளைப் பிள்ளை பிறந்திருக்கு. இன்னையோட அஞ்சு நாள் ஆகுது."

ஆவுடையப்பன் அரிவாள்மணையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. புடலங்காய் இன்னும் கொஞ்சம் வேகமாக நறுக்கப்பட்டது.

"பதினாறாம் நாள் தொட்டில் போடுதாகளாம். அதுவரைக்கும் பழைய துணிதானே கட்டணும்? தாய் வீட்டுத் துணி வேணும்னு கேக்கா. அம்மா உசிரோட இல்ல, அப்பாதான் தன் கையால கிழிச்சுக் கொண்டுவரணுமாம்."

"பழைய துணியா?" ஆவுடையப்பன் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை அது. "அந்த வீட்டுல என் துணிக்கு என்ன மரியாதைன்னு எனக்குத் தெரியும்மா."

அந்தக் கதை மடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆவுடையப்பன் நாற்பது வருஷம் ஜவுளிக்கடையில் துணி கிழித்தவர். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி, எத்தனையாம் நம்பர் நூல் என்று சொல்லுவார். மகளின் தலைதீபாவளிக்கு மருமகன் சங்கரலிங்கத்துக்காக ஒரு வேட்டி எடுத்தார். கடையில் வந்து இறங்கிய மூன்று கட்டு வேட்டிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, முதலாளிக்கே காட்டாமல் ஒதுக்கிவைத்த வேட்டி. ஒரு வருஷம் போய், அடுத்த வருஷம் ஆடியில் மகள் வீட்டுக்குப் போனார். வாசலில் மோட்டார் பைக் நின்றது. அதன் சீட்டில் அந்த வேட்டி நாலாக மடித்துக் கிடந்தது. ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கிரீஸ் கறை. வேட்டிக் கரையைப் பார்த்த உடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. செருப்பைக் கழற்றவில்லை. தண்ணீர் கேட்கவில்லை. துணியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பினார். அதற்குப் பிறகு அந்த வாசலை அவர் மிதிக்கவில்லை.

அந்த வேட்டிதான் பெட்டிக்குள் இருந்தது.

மறுநாள் ஆவுடையப்பன் டவுனுக்குப் போய்விட்டு, மழையில் நனையாமல் ஒரு பையை அணைத்துக்கொண்டு வந்தார். அம்மையின் முன்னால் அதைப் பிரித்தார். துணி டயப்பர்கள். மூன்று விதம்.

"இது முக்கோணம், ரெண்டு பக்கமும் கயிறு. இது இடுப்புல ஒட்டுற பட்டை. இது பட்டன் வச்சது, உள்ளே பை மாதிரி இருக்கு, அதுல திண்டு ஒன்ன நுழைக்கணும். எல்லாம் துவைச்சுத் துவைச்சுக் கட்டுறது. எல்லாம் புதுசு. இதுல எது நல்லதுன்னு நீங்க சொன்னா அதுல ஒரு டஜன் வாங்கி பார்சல்ல அனுப்பிருவேன். என் பழைய துணி அங்கே வேண்டாம்."

"எது நல்லதுன்னு என்ட்ட கேக்கீயளா?"

"குருட்ட கேக்காம?"

"இதுக்குக் குரு நான் இல்ல. முப்பிடாதி பிள்ளைதான். மூணையும் அந்தப் பச்சப்பிள்ளைக்குக் கட்டிப் பாருங்க. கட்டுறதும் நீங்க, அலசுறதும் நீங்க."

முப்பிடாதி மடத்துச் சமையற்கட்டில் வேலை செய்பவள். அவள் பிள்ளைக்கு மூன்று மாசம். புளிமூட்டைக்குப் பக்கத்தில் தூளியில் கிடக்கும்.

"நானா? கோமதிக்கே நான் கட்டினது இல்லையேம்மா. எல்லாம் என் பெஞ்சாதி செண்பகம்தான்."

"அதான் அண்ணாச்சி, எது நல்லதுன்னு உங்களுக்குத் தெரியலை."

முதல் நாள் கயிறு வைத்தது. பிள்ளை காலை உதைத்து முதல் முடிச்சை அவிழ்த்துவிட்டது. ஆவுடையப்பன் மூட்டை கட்டுகிற மாதிரி இறுக்கிக் கட்டினார். நனைந்த பிறகு அந்த முடிச்சு அவிழவே இல்லை. கடைசியில் பல்லால் கடித்து அவிழ்க்க வேண்டியிருந்தது.

"தாத்தா, ருசி எப்படி?" என்றாள் முப்பிடாதி.

"சும்மா கெடட்டி."

இரண்டாம் நாள் ஒட்டுகிற பட்டை. கட்டுவதற்குச் சுலபம்தான். ஆனால் பிள்ளையின் தொடையில் சிவப்பாகக் கோடு விழுந்தது. வாளியில் போட்டு அலசினால், அந்தப் பட்டை அவருடைய காவி வேட்டியையும் துண்டையும் முப்பிடாதியின் பாவாடையையும் கவ்விக்கொண்டு ஒரே கொத்தாக மேலே வந்தது. சமையற்கட்டு முழுக்கச் சிரித்தது. ஆவுடையப்பனும் தலையைத் திருப்பிக்கொண்டு கொஞ்சம் சிரித்தார்.

அலசிக் கொடியில் போடும்போதெல்லாம் செண்பகத்தின் நினைப்பு வந்தது. வாடகை வீட்டு முற்றத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் அவள் கொடி கட்டியிருந்தாள். அவளுடைய சீட்டிச் சேலையும் அவருடைய பழைய வேட்டியும் துண்டு துண்டாக அதில் ஆடும். கடைக்குப் புறப்படும்போது அவற்றுக்குள் குனிந்துதான் போகவேண்டும். வெயிலில் காய்ந்த துணி கன்னத்தில் படும். சீயக்காயும் வெயிலும் கலந்த ஒரு வாசனை. "ஏ, ஒரு நாளைக்கு எத்தனை துணிதான் மாத்துவ? கடையிலகூட இவ்வளவு துணி இல்ல" என்று அவர் அலுத்துக்கொள்வார். "நனைஞ்சா அழுவா. அழுதா மாத்துதேன். இதுல உங்களுக்கு என்ன நட்டம்?" என்பாள் அவள். சதுரத்தை மூலைக்கு மூலை மடித்து, பிள்ளையின் காலுக்கு நடுவில் விட்டு, இடுப்பில் ஒரு சொருகு. ஒரு தடவையாவது உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கலாம் என்று அவருக்கு இப்போது தோன்றியது.

மூன்றாம் நாள் பட்டன். மத்தியானம் கட்டினார். ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு ஆயிற்று, மூன்றும் ஆயிற்று. பிள்ளை சத்தமே போடவில்லை. வெளியே தொட்டுப் பார்த்தால் சுக்காகக் காய்ந்திருந்தது. ஆவுடையப்பன் அம்மையைத் தேடிக்கொண்டு ஓடினார்.

"கண்டுபிடிச்சிட்டேன்மா. இதுதான். மூணு மணி நேரம், ஒரு சொட்டு வெளியே வரல. எவ்வளவு பெய்தாலும் தாங்குது."

"பிள்ளை அழலையா?"

"மூச்சு விடல."

"வெளியே ஒன்னும் தெரியலையா?"

"ஒன்னும் தெரியலை."

"உள்ளே?"

உள்ளே அவர் பார்த்திருக்கவில்லை. பட்டனைக் கழற்றினார். திண்டு ஊறிய பஞ்சுமூட்டை மாதிரி கனத்தது. மூக்கில் ஏறியது வாடை. பிள்ளையின் அடியெல்லாம் வெந்தமாதிரி சிவந்து கிடந்தது. காற்றுப் பட்டதும்தான் அது வீறிட்டு அழுதது.

"ஏன் தாத்தா, மூணு மணி நேரமா மாத்தாம வச்சிருந்தீய? நனையாத மாதிரி இருந்தா நனையலன்னு அர்த்தமா?" முப்பிடாதி பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். தேங்காய் எண்ணெய் தேடினாள்.

ஆவுடையப்பன் அம்மையின் முகத்தைப் பார்த்தார். அம்மை திண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். பிழியப் பிழிய வந்துகொண்டே இருந்தது.

அந்தத் திண்டு மறுநாளும் காயவில்லை. அதற்கு அடுத்த நாளும் காயவில்லை. மழை விட்டபாடில்லை. கயிறு வைத்தது ஈரம். பட்டை வைத்தது ஈரம். முப்பிடாதி வைத்திருந்த தடித்த பழஞ்சேலைத் துண்டுகள் எல்லாமே கொடியில் சொட்டிக்கொண்டு தொங்கின. அன்று காலையில், கடைசியாக இருந்த துண்டையும் பிள்ளை நனைத்துவிட்டது. ஆற்றுப் பக்கமிருந்து வாடைக்காற்று அடித்தது. முப்பிடாதி வெறும் பிள்ளையை மாராப்புக்குள் வைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் ஒண்டினாள். பிள்ளைக்கு உதடு நடுங்கியது.

"அண்ணாச்சி," என்றார் அம்மை. "மடத்துல காய்ஞ்ச வெள்ளைத் துணி ஒன்னுதான் இருக்கு."

ஆவுடையப்பனின் கை தானாக இடுப்புச் சாவிக்குப் போயிற்று.

"அது துணி இல்லம்மா."

"பின்னே?"

"சாட்சி. நாளைக்கு எவனாவது, ஏம்யா மக வீட்டுக்குப் போகலன்னு கேட்டா, எடுத்துக் காட்டணும்லா? புத்தம் புது வேட்டி. நூறாம் நம்பர் நூல். அதை எடுத்து வண்டி துடைச்சான்."

"ஏழு வருஷத்துல யார் வந்து கேட்டா?"

ஆவுடையப்பன் சாவியைக் கயிற்றில் இப்படியும் அப்படியும் தள்ளினார்.

"கேட்டா காட்டலாம். இப்ப இந்தப் பிள்ளைக்குத் துணிதான் வேணும்."

பிள்ளை விக்கியது. ஆவுடையப்பன் எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தார். அந்துருண்டை வாசனை வந்தது. வேட்டி அன்றைக்கு எடுத்தபடியே நாலாக மடித்து, கறை மேலாகத் தெரிய இருந்தது. ஏழு வருஷமாக அவர் அதைப் பார்த்ததெல்லாம் அந்தக் கறையைத்தான். மூடியைத் திறப்பார், கறையைப் பார்ப்பார், மூடுவார்.

சமையற்கட்டு ஜன்னலோரம் வந்து வேட்டியை உதறிப் பிரித்தார். கிழிக்கும் முன்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது அவருடைய கைப்பழக்கம். பிடித்தார். அப்படியே நின்றுவிட்டார்.

உட்காருகிற இடத்தில் துணி சல்லடையாக இளைத்திருந்தது. முழங்கால் படுகிற இடத்தில் நூல் வெறும் நிழலாக நின்றது. கீழ்ஓரம் தரையில் உரசி உரசிப் பிசிறு தட்டியிருந்தது. கரை மட்டும்தான் நிறம் மாறாமல் இருந்தது. ஆவுடையப்பன் விரலால் தடவினார். விரல் பொய் சொல்லாது. நூறு தடவைக்கு மேல் துவைத்துத் தண்ணீர் கண்ட துணி. ஒருவன் மாற்றிக் கட்ட மனசில்லாமல் திரும்பத் திரும்ப உடுத்திய துணி.

நடுவில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து, தைத்திருந்தது. வெள்ளை நூலில் பொடிப்பொடியாக ஓடிய தையல். செண்பகம் மகளுக்குச் சொல்லிக்கொடுத்த தையல் அது. அந்தத் தையலுக்கு மேலேயும் ஒரு முறை கிழிந்து, அதையும் தைத்திருந்தது. மூன்றாவதாகக் கிழிந்த இடத்தைத் தைக்க அங்கே துணி இல்லை.

வாடிக்கைக்காரர்களிடம் நாற்பது வருஷம் அவர் சொல்லிய பேச்சு ஒன்று உண்டு. "மடிப்பைப் பாத்துத் துணி எடுக்காதீய. நல்லா பிரிச்சுப் பாருங்க."

"என்ன அண்ணாச்சி?" என்றார் அம்மை.

"உடுத்தித்தான் இருக்கான்." அவர் தையலைத் தூக்கிக் காட்டினார். "கந்தலாகுற வரைக்கும் உடுத்தித்தான் இருக்கான்மா."

பிள்ளை மறுபடியும் விக்கியது.

ஆவுடையப்பன் துணியின் ஓரத்தைப் பல்லில் வைத்து ஒரு நறுக்குக் கொடுத்தார். இரண்டு கையாலும் இழுத்தார். சர்ரென்று நூல் பிடித்துக் கிழிந்தது. ஏழு வருஷமாகக் கேட்காத சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று என்று கோணாமல் சதுரம் சதுரமாகக் கிழித்தார். முதல் சதுரத்தை மூலைக்கு மூலை மடித்தார். பிள்ளையை வாங்கிக் கிடத்தி, காலுக்கு நடுவில் விட்டு, இடுப்பில் சொருகினார். முதல் தடவை நழுவியது. இரண்டாம் தடவை நின்றது.

"பரவாயில்லையே தாத்தா!" என்றாள் முப்பிடாதி.

அவள் சொல்லி வாய் மூடவில்லை, பிள்ளை நனைத்துவிட்டது. நனைத்த உடனே அழுதது. ஆவுடையப்பன் அடுத்த சதுரத்தை எடுத்தார். நனைந்ததை அலசி அடுப்புக்கு மேலே போட்டார். நைந்து இளைத்த துணி, சோறு வடிப்பதற்குள் காய்ந்துவிட்டது.

"அழுதா, மாத்துதேன்," என்று பிள்ளையிடம் சொன்னார். "இதுல எனக்கு என்ன நட்டம்?" சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாலு சதுரத்தை முப்பிடாதியிடம் கொடுத்தார். மிச்சத்தைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டெடுத்து, அடுப்பனலில் காயவைத்து, அடுக்கினார். கோமதியின் தையல் இருந்த துண்டை மட்டும் மேலே வைத்தார். மத்தியானத்துக்குள் ஒரு சின்ன மூட்டை தயாராயிற்று. தொட்டில் போட இன்னும் ஐந்து நாள் இருந்தது. பஸ் இரண்டு மணிக்கு. பெட்டியைப் பூட்டவில்லை.

புறப்படும்போது வாசலில் நின்று தயங்கினார். கையில் ஒரு துண்டு தனியாக இருந்தது. கிரீஸ் கறை பட்ட துண்டு.

"இது பிள்ளைக்கு ஆகாதும்மா. இதை என்ன செய்ய?"

அம்மை வெளியே மழையைப் பார்த்தார்.

"அதையும் எடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி. இந்த மழையில மருமகன் வண்டி நனைஞ்சு நிக்கும். துடைக்க அவருக்கு ஒரு துணி வேணும்லா?"