சிவக்காத நாக்கு

முன்னொரு காலத்துல மருங்கூர்ச் சீமையச் சொக்கலிங்க பூபதின்னு ஒரு ராஜா ஆண்டாரு. பாதி நேரம் ஆண்டாரு, மீதி நேரம் சந்தேகப்பட்டாரு. காவக்காரனக் கவனிக்க ஒரு காவக்காரன், அவனக் கவனிக்க இன்னொருத்தன். கடைசி ஆள யாரு கவனிக்கிறதுன்னு தெரியாம அவரே பல நாள் தூங்காமக் கெடந்தாரு.

அவரு நம்பின ஒரே ஆளு ஒச்சப்பன். வெத்தலப் பெட்டிய வச்சுக்கிட்டு, ராஜாவுக்கு மடிச்சுக் குடுக்கிற வேலை. பக்கத்துலயே நிக்கிறதால ராஜா அவன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசுவாரு. அந்த ரெண்டு வார்த்தைதான் அரண்மனைக் காரியக்காரர் வன்னியப்பருக்கு நெஞ்சுல முள்ளு. அந்த எடத்துல தன் மச்சினன நிறுத்திப் பாக்கணும்னு அவருக்கு ரொம்ப நாளா ஆசை.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டு வெத்தல போட்ட ராஜா, குப்புன்னு வேர்த்துச் சாஞ்சுட்டாரு. வைத்தியர் மோரக் குடுத்து எழுப்பிட்டாரு. ராஜா எழுந்த உடனே அவரு காதுல வன்னியப்பர் ஓதினாரு: பெட்டி யாரு கையில இருந்துச்சோ அவன்தான் விஷம் வச்சவன்னு. ராஜா ஒச்சப்பனக் கட்டிப் போட்டு, மறுநாள் சாயந்திரம் யானை காலால மிதிக்க வைக்கணும்னு சொல்லிட்டாரு.

மறுநாள் காலையில மந்திரி அம்பலவாணர் வந்து, பொழுது சாயுற வரைக்கும் எனக்கு நேரம் குடுங்கன்னாரு.

"நீ எதுக்குய்யா கேக்குற? உனக்கும் இதுல பங்கா?"ன்னாரு ராஜா.

"இல்ல மகாராஜா. கொஞ்சம் வெளயாடணும்."

"ஒருத்தன் உசுரு போகப் போகுது. வெளயாட்டா?"

"நேத்துலேருந்து மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு யோசிச்சேன். ஒரே தெருவுலயே சுத்திச் சுத்தி வந்தேன். வெளயாடுற புத்திக்குத்தான் சந்துபொந்தெல்லாம் தெரியுது மகாராஜா."

வெளயாட்டு இதுதான். கல்யாண வீட்டுல பொண்ணு மாப்பிள்ளைக்கு வெத்தல குடுத்து, யாரு நாக்கு ரொம்பச் செவக்குதுன்னு பாப்பாங்கள்ல, அதே. சபையில இருக்கிற பதினெட்டுப் பேரும் போடணும். ஜெயிச்சவருக்கு ஒரு ஊரு மானியம். மாட்டேன்னு சொல்றவரு ஒச்சப்பனுக்கு அடுத்து யானை காலுக்கு. வெத்தல வர்றது ஒச்சப்பனோட அதே பெட்டியிலேருந்து.

பெட்டி சுத்தி வந்துச்சு. ஒருத்தர ஒருத்தர் ஓரக்கண்ணால பாத்துக்கிட்டாங்க. சேனாபதி கந்தர்சஷ்டி கவசம் சொல்லிக்கிட்டே சுண்ணாம்பு தடவுனாரு. அரண்மனைக் கவிராயரு தன் தோட்டம் யாருக்குப் போகணும்னு பக்கத்துல இருந்தவர்கிட்ட சொல்லிட்டு வாயில போட்டாரு. வன்னியப்பர் மட்டும் நிதானமா வெத்தலயக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடிச்சுப் போட்டு மென்னாரு. பாக்கறதுக்கே லட்சணமா இருந்துச்சு.

கொஞ்ச நேரங்கழிச்சு, நாக்க நீட்டுங்கன்னாரு மந்திரி.

பதினேழு நாக்கு செக்கச்செவேல்னு இருந்துச்சு. பயந்து மென்னதால நல்லாவே மென்னிருந்தாங்க. வன்னியப்பர் நாக்கு மட்டும் பச்சையா, ஆடு மேஞ்ச மாதிரி.

"வெத்தலயும் சுண்ணாம்பும் மட்டும் போட்டாச் செவக்காதுய்யா. பாக்கு எங்க?"ன்னு கேட்டாரு மந்திரி.

"பல்லு வலி"ன்னாரு வன்னியப்பர்.

மந்திரி அவரு மடியத் தொட்டாரு. வேட்டி மடிப்புலேருந்து பாக்கு கீழ விழுந்துச்சு.

மந்திரி ராஜா பக்கம் திரும்புனாரு. "பெட்டியில மூணு சாமான் மகாராஜா. எதுல விஷம்னு யாருமே சொல்லல, எனக்கும் தெரியாது. தெரியாதவன் மூணையும் போடுவான், இல்லாட்டி மூணையும் போட மாட்டான். இவரு மட்டும் ஒண்ண ஒதுக்கிட்டு ரெண்டத் தைரியமாப் போட்டாரு. பாக்குலதான்னு இவருக்கு யாரு சொன்னது?"

சொல்லிட்டுக் கீழ கெடந்த பாக்க எடுத்து, ஊதி, தன் வாயில போட்டுக் கடிச்சாரு. ராஜா பதறி எழுந்துட்டாரு. காலையில கடைத்தெருவுல நானே வாங்கினது மகாராஜா, பெட்டியில இருந்த பழச எல்லாம் அப்பவே மாத்திட்டேன்னு சொல்லிட்டு மந்திரி மென்னாரு.

வன்னியப்பர் கால்ல விழுந்தாரு. ஊமத்தஞ்சாறுல ஊறின பாக்குன்னும், மயக்கம் வந்தாப் போதும்னுதான் நெனச்சேன்னும் ஒப்புக்கிட்டாரு.

வெளயாட்டுல ஜெயிச்சது மந்திரிதான்னு சொல்லி, அந்த ஊரு மானியத்த ராஜா அவருக்கே குடுத்தாரு. ஒச்சப்பன் கட்ட ராஜாவே அவுத்துவிட்டு, பெட்டிய அவன் கையில குடுத்தாரு. அப்பறம் வன்னியப்பரப் பாத்து, "என் பக்கத்துல நிக்கணும்னு ஆசப்பட்டீரு. நில்லும். நான் போடுறதுக்கு முன்னாடி தெனம் நீர் போட்டுப் பாக்கணும். ஒச்சப்பன் மடிச்சுக் குடுப்பான்"ன்னாரு.

அன்னிலேருந்து தெனம் மூணு வேளை ஒச்சப்பன் மடிச்சு நீட்டுவான். வாங்குறதுக்கு முன்னாடி வன்னியப்பர் அவன் மொகத்தையே உத்துப் பாப்பாரு.

ஒச்சப்பன் லேசாச் சிரிப்பான், அவ்வளவுதான்.