கறுத்த வெள்ளி டாலர்

சட்டென்று தீர்ப்புச் சொல்லிப் பழகியவர்கள் இந்தக் கதையை இரண்டு முறை கேட்க வேண்டும். விடை நடுவழியிலேயே கிடக்கிறது. பாதிப் பேர் அதைத் தாண்டிப் போய்விட்டு, ஒரு பாவப்பட்டவளின் தலையில் பழியைப் போடுவார்கள்.

நாகப்பட்டினத்தில் குஞ்சிதபாதம் என்று ஒரு கிழவர் இருந்தார். அவருடைய அப்பா பினாங்கில் சம்பாதித்ததில் கடைசியாக மிஞ்சியது ஒரு ஓட்டு வீடும் மூன்று வெள்ளி டாலர்களும்தான். கிழவரின் மூத்த மகன் அமிர்தகடேசன், மனைவியை இழந்தவர். இளையவன் இறந்துவிட்டான், அவன் மனைவி தையல்நாயகி. கிழவர் படுக்கையில் கிடந்த ஆறு வருஷமும் மலஜலம் அள்ளியவள் அவள்தான். அமிர்தகடேசன் அவள் சமைத்ததை வேளை தவறாமல் உண்டார். அந்த ஆறு வருஷத்தில் சமையல்கட்டுக்கு ஒரு தீப்பெட்டி வாங்கிப் போட்டதில்லை.

சாகும்போது கிழவர், "அந்த மூணு வெள்ளியும் தையலுக்கு" என்று எல்லார் காதும் கேட்கச் சொன்னார். வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சட்டப்படி அதில் அவளுக்குப் பாதி உண்டு.

காரியம் முடிந்த மறுநாள், அமிர்தகடேசன் சந்தனசாமியை வீட்டுக்கு அழைத்து வந்தார். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய நாணயம் பார்ப்பதில் அந்த ஊரிலேயே அவரை மிஞ்ச ஆளில்லை. மும்பையில் ஒரு நிறுவனம் நாணயங்களைச் சோதித்து, தரம் போட்டு, பெட்டியில் முத்திரையிட்டுத் தரும். முத்திரை விழுந்தால் விலையே வேறு. ஆனால் காசுக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டித்தான் அனுப்ப வேண்டும்.

"இது அரைஞாண்ல கோக்க ஓட்டை போட்டது. இது பதக்கமாக்க வளையம் பத்தவச்சு, அப்புறம் பிச்சது. ரெண்டையும் அனுப்பினா கட்டணம்கூடத் தேறாதுங்க. எடைக்குத்தான் போடணும்" என்றார் சந்தனசாமி. மூன்றாவது காசு அடுப்புக்கரியாய்க் கறுத்திருந்தது. அதைக் கையில் எடுத்தவர் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை அனுப்புங்க. ஆறு லட்சத்துக்குக் குறையாது."

தையல்நாயகி அப்போது கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டுச் சொல்ல சந்தனசாமிக்குத் தோன்றவில்லை. வீட்டு ஆம்பிளையிடம் சொன்னால் போதாதா? வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "துணியால துடைக்கக்கூடக் கூடாது. அந்தக் கறுப்புக்குத்தான் விலை. அந்த அம்மாகிட்ட சொல்லிடுங்க" என்று அமிர்தகடேசனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அமிர்தகடேசன் கொல்லைக்கு வந்தார். "உன் வெள்ளி ஒண்ணு ஆறு லட்சம் போகுமாம். வெள்ளி உனக்கு, வீடு எனக்கு. சம்மதமா?"

"எது அத்தான்? அந்தக் கறுத்துக் கிடக்கிறதா?"

"அதேதான்."

வெளிப்பாளையத்தில் சின்னதாக ஒரு வீட்டை ஒத்திக்கு எடுத்துக்கொண்டு, இனி யாருக்கும் எச்சில் பாத்திரம் கழுவாமல் இருக்கலாம் என்று அவள் கணக்குப் போட்டாள். புதன்கிழமை, வீட்டில் தன் பாதியை அவள் விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவாயிற்று. வீடு முழுதும் அமிர்தகடேசனுக்கு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை அவர் ஒரு விபூதிப் பொட்டலத்துடன் வந்து, காசு இருந்த டப்பாவின் பக்கத்தில் வைத்தார். "விளக்கு தேய்க்கிற நாளாச்சே."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. விளக்கைத் தேய்த்தாள். விபூதிக் கையோடு அந்தக் காசையும் எடுத்தாள். ஊருக்குப் போகும் பிள்ளைக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டுவதுபோல், புளி போட்டு ஒருதரம், விபூதி போட்டு இரண்டுதரம் தேய்த்தாள். கறுப்பெல்லாம் போய் முகம் தெரியும்படி பளபளத்தது.

திங்கட்கிழமை காசை வாங்கிப் போக வந்த சந்தனசாமி டப்பாவைத் திறந்தார்.

"யாரும்மா தேய்ச்சது?"

"நான்தாங்க. எப்படி வந்திருக்கு பாருங்க!" என்று சிரித்தாள்.

"கெடுத்திட்டியேம்மா. இனி அனுப்பினா 'தேய்த்துக் கெட்டது'ன்னு எழுதித்தான் திருப்பி அனுப்புவான். இதுவும் அந்த ரெண்டோட சேர்ந்தாச்சு."

"அடடா, சொல்ல மறந்தே போச்சே!" என்று அமிர்தகடேசன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

மறுநாளே அவர் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். மூன்று காசையும் தட்டானிடம் எடைக்குப் போட்டுவிட்டு, அவள் ஒரு மெஸ்ஸில் மாவாட்டப் போனாள்.

இப்போது சொல்லுங்கள். உரியவளிடம் சொல்லாமல் போனவர் சந்தனசாமி. மறந்துவிட்டேன் என்றவர் அமிர்தகடேசன். யாரையும் கேட்காமல் தேய்த்தவள் தையல்நாயகி. அந்தக் காசைக் கெடுத்தது யார்?

விடை: அமிர்தகடேசன். ஆறு வருஷமாக ஒரு தீப்பெட்டி வாங்காத கை, அந்த ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் விபூதி வாங்கி, அதைக் காசு டப்பாவின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது ஏன்? மறந்தவர் செய்கிற வேலை அல்ல அது. வீடுதான் புதன்கிழமையே கைக்கு வந்துவிட்டதே, காசு கெட்டதில் அவருக்கு என்ன லாபம் என்பீர்கள். ஒரு பைசா லாபமில்லை. அவள் சிரித்த முகத்தோடு படியிறங்குவது அவருக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. தையல்நாயகிக்கு இந்தப் புதிர் இன்னும் அவிழவில்லை. எல்லாம் தன் கை செய்த பாவம் என்கிறாள். அத்தான் அன்றைக்கு ஒருநாளாவது தனக்கென்று ஒரு பொட்டலம் வாங்கி வந்தாரே என்று, மெஸ்ஸில் கூட வேலை செய்கிறவர்களிடம் நன்றியோடு சொல்லிக்கொண்டிருக்கிறாள்.