நானூத்திப் பன்னிரண்டுக்கு அடுத்த படம்

"வாத்தியாரம்மா, படத்தோட நம்பரை மாத்த முடியுமா?"

பேச்சிமுத்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து கேட்டார்.

மைமூன் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"முடியும். எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மா கேக்குற ஆளு செருப்போட உள்ள வரமாட்டாரே."

அவர் போய்க் கழற்றிவிட்டு வந்தார்.

ஒன்றைச் சொல்லிவிட்டால் நல்லது. இந்தக் கதையில் சிஷ்யருக்கு அறுபது தாண்டிவிட்டது. குருவுக்கு அதில் பாதி வயதுதான் இருக்கும். பேச்சிமுத்து பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு வாங்கியவர். வீட்டில் உட்கார்ந்தால் மருமகள் முருங்கைக்கீரையை உருவச் சொல்கிறாள் என்று, தென்காசிப் பக்கத்தில் மைமூன் நடத்துகிற ஸ்டுடியோவுக்குக் கேமரா படிக்க வந்து சேர்ந்தார்.

வந்த அன்றைக்கே சொல்லிவிட்டார்: "வயசுல சின்னவங்க. அதனால கால்ல விழமாட்டேன். மத்தபடி நீங்க சொன்னதுதான்."

"விழவும் வேண்டாம். யாரு தூக்கிவிட?" என்றாள் அவள்.

முதலில் அவர் தெருவில் போகிற மாட்டை எடுத்தார். எடுத்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்தார். மாடு. மாடு திரும்பிப் பார்த்தது. மாடு போய்விட்டது.

அன்றைக்கு அவள் சொல்லிக் கொடுத்தாள்.

"பேரு நாம வைக்கது, அண்ணாச்சி. என்ன வேணும்னாலும் வச்சுக்கிடலாம். நம்பரு கேமரா போடுறது. அது எதை எதுக்கு அப்புறம் பார்த்துச்சோ அந்த வரிசை. அதுல கைவைக்காதீங்க."

இன்றைக்கு அதில்தான் கைவைக்க வந்திருக்கிறார்.

"நேத்துக் கல்யாணத்துல என்ன நடந்துச்சு?" என்றாள்.

தனியாகப் போய் அவர் எடுத்த முதல் கல்யாணம் அது.

"பொண்ணு பேரு பூரணி. அவளுக்கு ஒரு அக்கா உண்டு, வடிவுன்னு. வேற சாதி ஆளுகள்ல தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கிட்டவ. வீட்டுல சேக்கல."

"ம்."

"தாலி கட்டி முடிஞ்சதும் அவ மேடையேறிட்டா. இடுப்புல கைப்பிள்ளை. வந்து தங்கச்சி கையைப் பிடிச்சா. ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசல. அழுதாளுவ, சிரிச்சாளுவ. நான் எடுத்தேன். நல்லா வந்திருந்துச்சு, வாத்தியாரம்மா. நீங்க சொன்ன மாதிரி மூச்சைப் பிடிச்சு எடுத்தேன்."

"அப்புறம்?"

"தாய்மாமன் வந்தாரு. ஆவுடையப்பன். அப்பா இல்லாத வீடு, அவரு வச்சதுதான் சட்டம். வடிவை இறக்கி வெளிய அனுப்பிட்டு, நேரா என்கிட்ட வந்தாரு. 'வே, அவ இருக்க படத்தையெல்லாம் அழியும்'னாரு."

"அழிச்சீங்க."

"கல்யாண வீட்டுல சண்டை வேண்டாம்னு பார்த்தேன்."

"சண்டை வரலியா?"

"வரல."

"வடிவுக்கும்?"

மைமூன் லென்ஸைக் கீழே வைத்தாள்.

"அழிக்கப் பொத்தானை அமுக்குனதும் கேமரா ஒண்ணு கேட்டிருக்குமே."

"'அழிக்கவா'ன்னு கேட்டுச்சு."

"ஒரு தடவையா?"

"ஒவ்வொரு படத்துக்கும்."

"யாருகிட்ட கேட்டுச்சு?"

"மாமன் பக்கத்துலதான் நின்னாரு" என்றார் பேச்சிமுத்து.

"நான் அதைக் கேக்கல."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வியர்வை இல்லாத முகம்.

"சரி, போவட்டும். கார்டைக் குடுங்க. அழிச்ச படம் உடனே போயிராது. கண்ணுக்குத் தெரியாம உள்ளயே கிடக்கும். அது மேல வேற படம் வந்து உக்காந்தாத்தான் போகும். அழிச்சதுக்கு அப்புறம் எதுவும் எடுத்தீங்களா?"

"பந்தி எடுத்தேன்."

"கொஞ்சமா?"

"எல்லாப் பந்தியும். அப்புறம் பொண்ணு காரேறுற வரைக்கும். கார்டு நிறைஞ்சுபோச்சு."

அவள் அப்படியும் விடவில்லை. கார்டைச் செருகி, தேடித் தேடிப் பார்த்தாள். டீ வந்து ஆறியது. கடைசியில் நாற்காலியில் சாய்ந்தாள்.

"வடிவு மேல சாம்பாரை ஊத்திட்டீங்க, அண்ணாச்சி."

அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

"இப்ப நம்பரை ஏன் மாத்தணும்?"

"படத்தையெல்லாம் சின்னச் சின்னதா, அடியில நம்பரோட அச்சடிச்சுக் குடுப்போம்லா. சொந்தக்காரங்க கைமாத்திக் கைமாத்திப் பாத்து, ஆல்பத்துக்கு இந்த நம்பரு, அந்த நம்பருன்னு சொல்லுவாங்க. நானூத்திப் பன்னிரண்டுக்கு அடுத்து நானூத்தி இருபதுல போயி நிக்கி. பூரணி பாத்தா கேப்பா."

"கேக்கட்டும்."

"கேக்கக் கூடாதுங்காரு மாமன். அக்கா வந்த நேரம் போட்டோக்காரன் அங்க இல்ல, ஒரு படமும் எடுக்கலன்னு அவகிட்ட சொல்லி வச்சிருக்காரு. நம்பர் வரிசையா இருந்தா அந்தப் புள்ள நம்பிரும். அக்கா வந்துபோனதுக்கு அடையாளமே இருக்காது."

"உங்களுக்கு இதுல என்ன?"

"எனக்கும் நம்பர் வரிசையா இருந்தாத்தான் தூக்கம் வரும். ஆயுசு பூரா டிக்கெட் கிழிச்சவன். நடுவுல நம்பர் விட்டுப்போனா செக்கர் ஏறி மெமோ குடுத்துருவான்."

"ஏன் குடுக்கான்?"

"நடுவுல உள்ள டிக்கெட் எங்க போச்சுன்னு அவனுக்குத் தெரியணும்லா."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

மைமூன் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"உக்காருங்க. நீங்களே மாத்துங்க."

அவர் உட்கார்ந்தார். ஒற்றை விரலால் தட்டினார்.

நானூத்தி இருபதில், ஒரு குழந்தை இலையில் ஊற்றிய பாயசத்தைக் கையால் வழித்துக்கொண்டிருந்தது. அதற்கு நானூத்திப் பதின்மூன்று என்று போட்டார்.

அடுத்ததில், ஒரு தாத்தா அப்பளம் விளம்புகிறவனின் வேட்டியைப் பிடித்து நிறுத்தியிருந்தார். நானூத்திப் பதினாலு.

"இது எதுவரைக்கும் மாத்தணும்?"

"கடைசி வரைக்கும். பந்தி, தாம்பூலம், பொண்ணு காரேறிப் போறது, எல்லாம். ஒரு இடத்தை மறைக்கணும்னா அதுக்குப் பின்னால வார அத்தனையும் பொய் சொல்லணும்."

அவர் விரல் மேலேயே நின்றது.

"என்ன?"

"நானூத்திப் பதினாலு அப்பளத் தாத்தா இல்ல."

"அப்பிடித்தான் போட்டிருக்கு. நீங்கதான் போட்டீங்க."

"அது வடிவோட நம்பரு. அந்தக் கைப்பிள்ளை அம்மா கழுத்துச் செயினைப் பிடிச்சு இழுத்துச்சு. அதைப் பாத்துப் பூரணி சிரிச்சா. அதுதான் நானூத்திப் பதினாலு."

"யாரு சொன்னா?"

"நான் எடுத்தேன்லா!"

கத்திவிட்டார். கண்டக்டர் குரல். வெளியே போன சைக்கிள்காரன் திரும்பிப் பார்த்தான்.

பிறகு அவர் தாத்தாவுக்குத் தாத்தாவின் நம்பரையும் பாயசக் குழந்தைக்கு அதன் நம்பரையும் பழையபடி கொடுத்தார்.

"மாமன் கையில நாலு மண்டபம் இருக்கு, வாத்தியாரம்மா. அவரு சொன்னா ஒரு கல்யாணம் இந்தக் கடைக்கு வராது."

"வராண்டாம்."

"உங்க பொழப்பு."

"என் பொழப்புங்கதாலதான் சொல்லுதேன். வராண்டாம். அச்சடிங்க."

மத்தியானத்துக்கு மேல் ஆவுடையப்பன் வந்தார். பூரணியும் கூட வந்திருந்தாள். மறுவீட்டுக்கு வந்த பிள்ளை, "நானும் வருதேன்" என்று காரில் ஏறி உட்கார்ந்தால், இறங்கு என்று யார் சொல்ல முடியும்? கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் புதுசாக இருந்தது.

அவள் தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். மாமன் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒரு இடத்தில் விரல் நின்றது.

"பெரியப்பா, இதுக்கு அடுத்ததெல்லாம் எங்க?" என்று பேச்சிமுத்துவிடம் கேட்டாள்.

"கேமரா கோளாறு" என்றார் மாமன். "அப்பிடித்தானவே?"

பேச்சிமுத்து மைமூனைப் பார்த்தார். மைமூன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதவப்போவதில்லை என்று அவருக்குப் புரிந்தது.

"கோளாறு இல்ல, தாயி. எடுத்தேன். நல்லா வந்துச்சு. அழிச்சிட்டேன்."

"ஏன்?"

"மாமா அழிக்கச் சொன்னாரு. அமுக்குனது என் விரலு."

பூரணி மாமனைப் பார்க்கவில்லை. பேச்சிமுத்துவையேதான் பார்த்தாள்.

"அதுல அக்கா எப்பிடி இருந்தா?"

"பிள்ளை செயினைப் பிடிச்சு இழுத்துச்சு. நீ பிள்ளையப் பாத்துச் சிரிச்ச. அவ உன்னையவே பாத்துக்கிட்டு இருந்தா."

"நான் பாக்கலியே."

"நான் பாத்தேன்."

மாமன் மேசையைத் தட்டினார்.

"என்னவே, கூத்தா கட்டுதீரு? ஏம்மா, நீதான கடைக்காரி? கேட்டுக்கோ. இனி இந்தச் சுத்துவட்டாரத்துல ஒரு கல்யாணத்துக்கு நீ கேமராவைத் தூக்கிட்டுப் போயிரு, பாப்போம்!"

"டீ சொல்லட்டுமா, அண்ணாச்சி?" என்று மாமனிடம் கேட்டாள் மைமூன். "நேரமாகும்போல இருக்கு."

பூரணி போனை எடுத்தாள்.

"அக்கா, ஸ்டுடியோவுக்கு வா. பட்டெல்லாம் கட்டாண்டாம். இருக்கபடிக்கு வா... ஆமா, மாமா இருக்காரு. இருந்தா இருக்கட்டும். பிள்ளையத் தூக்கிட்டு வா."

"என் கண்ணு முன்னாலயா?" என்றார் மாமன்.

"பக்கத்துல வந்து நின்னாலும் சரி, மாமா. இடம் இருக்கு."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனார். வாசலோடு நின்றுவிட்டார். விட்டுவிட்டுப் போகவும் வழியில்லை. பொண்ணைப் பத்திரமாகச் சம்பந்தி வீட்டில் கொண்டு சேர்க்க வேண்டியவர் அவர்தானே.

வடிவு அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருந்தாள். சேலையெல்லாம் நூல் துணுக்கு ஒட்டியிருக்க, பிள்ளையோடு வந்தாள். வாசலை அடைத்துக்கொண்டு மாமன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கொஞ்சம் ஒதுங்குங்க, மாமா" என்றாள் அவள்.

என்னமோ தெரியவில்லை, அவர் ஒதுங்கினார்.

அக்காளும் தங்கச்சியும் நின்றார்கள். நேற்றைப் போல இல்லை இன்று. பிள்ளை தூங்கிவிட்டது, செயினை யாரும் இழுக்கவில்லை. மாலை இல்லை, மேளம் இல்லை. பூரணி ஒரு நூல் துணுக்கை அக்கா தோளிலிருந்து எடுத்தாள். பேச்சிமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

எடுத்து முடித்துப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது மாமன் உள்ளே வந்தார். இப்போது குரலில் பழைய வெட்டு இல்லை. பேச்சிமுத்துவின் தோளுக்குப் பின்னால் வந்து குனிந்தார்.

"சரிவே. எடுத்தாச்சு. நான் ஒண்ணும் சொல்லல, அவ படம் இருந்துட்டுப் போவட்டும். அந்த விட்டுப்போன நம்பரை மட்டும் இதுகளுக்குப் போட்டுரும்."

"எதுக்கு?"

"எதுக்கா? தாளு நாளைக்கு வீடு வீடாப் போகும். நடுவுல ஓட்டையா இருந்தா ஒவ்வொருத்தனும் என்ன ஏதுன்னு கேப்பான். நான் எத்தனை பேருக்குப் பதில் சொல்ல? அதை அடைச்சிரும். மண்டபத்துக்கும் நீரே வாரும், வேண்டாங்கல."

வடிவு தலையைக் குனிந்துகொண்டாள். பூரணி மைமூனைப் பார்த்தாள். மைமூன் சிஷ்யரைப் பார்த்தாள்.

பேச்சிமுத்து திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது ஓட்டை இல்ல, ஐயா. நீங்களும் நானும் சேர்ந்து எடுத்த படம். அது அங்கனயே இருக்கட்டும்."