நேற்று வைத்த மீன் குழம்பு

முன்னொரு காலத்தில், உப்புக்கும் மீனுக்கும் பஞ்சமே இல்லாத ஒரு நாட்டில் ஒரு மன்னர் இருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அவருடைய நாக்கு எதைக் கேட்டாலும் மறுவார்த்தை பேசமாட்டார்.

ஒருநாள் படகில் உலாப் போனவருக்குத் திடீரென்று ஓர் ஆசை. "இன்று மீன்காரர்கள் சாப்பிடும் இடத்தில்தான் எனக்கும் சாப்பாடு!" என்றார். படகு நண்டுத்துறையில் ஒதுங்கியது. கரையோரம் சந்தனமாரி என்பவளின் சோற்றுக்கடை இருந்தது. மன்னர் மீன் குழம்பை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கையை வேறு நக்கினார். "வருகிற திருவிழாவுக்கு அரண்மனையில் உன் சமையல்தான்!" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அரண்மனை மடைப்பள்ளி அதிகாரி விருத்தகிரியாருக்கு இது பொறுக்குமா? ஆள் விட்டுத் துப்புத் துலக்கினார். இரண்டே நாளில் சந்தனமாரியைச் சபையில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"அரசே! இவள் தங்களுக்கு இட்டது முந்தின நாள் வைத்த குழம்பு! 'நேற்றையது எதுவும் அரசர் இலையில் விழலாகாது. இட்டவர் ஊரைவிட்டு நீங்க வேண்டும்' என்பது தங்கள் பாட்டனார் கட்டளை. எதுவும் என்றால் எதுவும்தான்!"

மன்னர் மீசையைத் தடவினார். பாட்டனார் கட்டளையை மீற முடியுமா? பாவம், சந்தனமாரிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கடையை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பில்லை.

அப்போது விகடகவி அம்பலக்கூத்தன் எழுந்தான். "கட்டளை மெத்தச் சரி அரசே! நாளைப் பகல் உணவுக்கு மட்டும் அடியேன் மடைப்பள்ளி வாசலில் காவல் நிற்கிறேன். அதுவரை இவள் இருக்கட்டும்."

மன்னர் சம்மதித்தார்.

மறுநாள் மன்னர் பசியோடு உட்கார்ந்தார். இலையில் வேகவைத்த மீன் ஒன்று வெளுத்துப்போய்க் கிடந்தது. ஒரு வாய் வைத்ததும் முகம் கோணியது.

"உப்பு எங்கே?"

"போன பங்குனியில் விளைந்தது அரசே. வாசலிலேயே தடுத்துவிட்டேன்."

"புளி?"

"போன வருஷத்துப் புளி."

"சோறாவது போடு!"

"தை மாதத்து நெல் அரசே."

"தயிர்? ஊறுகாய்?"

"தயிர் நேற்று உறை ஊற்றியது. ஊறுகாய்க்கு ஆறு மாத வயது. மீனும் இலையும் மட்டும்தான் இன்று காலையில் வந்தவை."

விருத்தகிரியார் பதறினார். "அரசே, கட்டளையின் பொருள் அதுவல்ல!"

"எதுவும் என்றால் எதுவும்தான் என்று தாங்கள்தானே சொன்னீர்கள்?" என்றான் கூத்தன்.

மன்னருக்குக் கோபம் வந்தது, அதைவிடப் பசி வந்தது, கடைசியில் சிரிப்பு வந்தது. "கூப்பிடு அந்தச் சந்தனமாரியை, குழம்புச் சட்டியோடு!"

அவள் சட்டியோடு வந்து தயங்கி நின்றாள். "சாமி, இதுவும் நேத்து வச்சதுதான். மீன் கொளம்பு ஒரு ராவு ஒறங்குனாத்தான் புளியும் மீனும் ராசியாவும்."

"ராசியாகட்டும், ஊற்று!"

அன்றே கட்டளை ரத்தானது. சந்தனமாரி கடையோடு ஊரில் இருந்தாள். விருத்தகிரியாருக்கு மட்டும் ஒரு மாதம் பழைய கட்டளைப்படியே சாப்பாடு என்றார் மன்னர். தன் வினை தன்னைச் சுடும், ஓட்டப்பம் வீட்டைச் சுடும் என்பார்களே!

சாப்பிட்டு முடித்த மன்னர் முத்துமாலையைக் கழற்றினார். "கூத்தா, பிடி பரிசை!"

"மாலை வேண்டாம் அரசே. அந்தச் சட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் குழம்பில் கொஞ்சம் சோறு போட்டுப் பிசைந்து தின்ன உத்தரவு கொடுங்கள்."

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். மாலையை அவன் கழுத்தில் மாட்டிவிட்டு, சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இன்னொரு மாலை வேண்டுமானாலும் தருகிறேன். சட்டியை மட்டும் கேட்காதே!"